ஒன்பது புள்ளிகள்: தொடக்கப் பள்ளியில் கணினிக் கல்வியும் இணையக் காப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டமொன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் தொடக்கப் பள்ளிக் கணினிக் கல்வி பேசுபொருளாகலாமா என்னும் ஐயம் அவையில் எழுதல் இயல்பே. யாப்பும் உவமையும் பேசப்பெறும் மேடையில் திரையும் விசையும் எதற்கு எனக் கேட்போரும் இருக்கலாம். ஆறு அகவைக்கும் பத்து அகவைக்கும் இடைப்பட்ட பிள்ளை ஒன்று கைப்பேசியுடன் தனித்திருக்கையில் அதற்கு நேர்வனவற்றை எடுத்துச் சொல்ல அதனிடம் சொல் இருக்கிறதா என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் வினா. சொல்லைப் பற்றிய வினா ஆதலின் இவ்வவைக்கு அது உரியதே.

கோவிலம்பாக்கத்தை ஊடறுத்துச் செல்கிறது பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் இருநூறு அடிச் சாலை. அச்சாலையிலே கிழக்கு நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால், 2022-ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடந்து, பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களை அடையலாம். அந்நிறுவனங்களில் நிரல் எழுதுவோரும், அவற்றின் தளங்களைத் துடைப்போரும், அவற்றிற்கு வண்டி ஓட்டுவோரும் இவ்வூரின் தெருக்களில் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றனர். நிரல் எழுதுவோரின் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பிலேயே வண்ணப் படங்களுடன் கணினிப் பாடநூல் வந்துவிடுகிறது. தளம் துடைப்போரின் பிள்ளை பயிலும் அரசுத் தொடக்கப் பள்ளியின் கால அட்டவணையில் அப்படியொரு பாடவேளை இல்லை. கைப்பேசியோ இரு வீட்டிலும் உண்டு. பாடநூல் உள்ள பிள்ளையும் சுட்டியின் பகுதிகளைப் படம் வரைந்து குறிக்கக் கற்றிருக்குமேயன்றிக் கைப்பேசியில் யாரேனும் அதன் நிழற்படத்தைக் கேட்டால் என் செய்வதென அறிந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இந்நாட்டுப் பள்ளிகளில் கணினி நுழைந்த வரலாறு மேலிருந்து கீழாக இறங்கிவந்த வரலாறு ஆகும். 1984-85-இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ் இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் தேர்ந்தெடுத்த பள்ளிகளின் மேல்வகுப்புகளுக்கு வந்தன. அக்காலத்துக் கணினி அறையைக் கண்டோர் நினைவில் முதலில் நிற்பது குளிர்சாதனமும், வாசலில் கழற்றிவிடப்பட்ட காலணிகளும், இயந்திரத்தின்மீது போர்த்திய உறையுந்தான்! கருவறைக்குரிய ஆசாரம் அதற்கும் இருந்தது. பின்னர்த் தமிழகத்தில் 2011-இல் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினியும், அதன்பின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்தன. 2025-இல் அறிமுகமான ‘டிஎன் ஸ்பார்க்’ என்னும் பாடத்திட்டம் செயற்கை நுண்ணறிவையும் இணையக் கருவிகளையும் ஆறாம் வகுப்பு முதல் கற்பிக்க முற்படுகிறது. தொடக்கப் பள்ளிகளும் முற்றாக விடுபடவில்லை. 22,931 திறன்மிகு வகுப்பறைகளும், ஆசிரியர்க்கென 79,723 கையடக்கக் கணினிகளும் வழங்கும் திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்துள்ளன. இவை பாராட்டத்தக்கன. ஆயினும் திறன்மிகு பலகையில் ஆசிரியர் காட்டுகிறார், பிள்ளை பார்க்கிறது. கணினியைக் கொண்டு பாடம் நடத்துதல் வேறு, கணினியைப் பற்றிய பாடம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் முதல் ஐந்து வகுப்புகள் வெற்றிடமாகவே எஞ்சிவிட்டன.

அவ்வெற்றிடம் 2020-க்கு முன்னர்ப் பெரிதாகத் தோன்றவில்லை. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அடைக்கப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் தமிழகத்தில் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் கைப்பேசியே ஏடாகவும் எழுதுகோலாகவும் வகுப்பறையாகவும் இருந்தது. அது யாருடைய கைப்பேசி? தந்தை வேலைக்கு எடுத்துச் சென்று இரவில் கொணர்வது; அல்லது தாயின் வங்கிக் கணக்கும் எரிவாயு முன்பதிவும் குடும்பப் படங்களும் ஒருங்கே அடங்கியது. பிள்ளைக்கெனத் தனிக்கணக்கு ஏதுமில்லை. திரைக்கு அப்பால் உள்ள பொறி தன்முன் அமர்ந்திருப்பது முப்பத்தைந்து அகவைப் பெண்மணி என்றே எண்ணிக்கொண்டு காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டிக்கொண்டிருக்கிறது.

உலகின் பிற பகுதிகளில் இயற்றப்பெறும் அகவை வரம்புச் சட்டங்கள் இத்தகைய வீட்டைத் தொடுவதில்லை. ஆஸ்திரேலியா 2024-இல் இயற்றி 2025 திசம்பரில் நடைமுறைப்படுத்திய சட்டம், பதினாறு அகவை நிரம்பாதோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனியாள் எண்மத் தரவுக் காப்புச் சட்டம், பதினெட்டு அகவை நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வேண்டுகிறது. கணக்கே தாயின் பெயரில் இருக்குமாயின் யாருடைய ஒப்புதலை யாரிடம் கேட்பது? எழுதப் படிக்கத் தெரியாமையும் இப்போது அரணாகாது. முதல் வகுப்புப் பிள்ளை ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுத் தமிழில் கேட்டாலே போதும், வேண்டியதும் வேண்டாததும் வந்து விழும். ஆகவே காப்பு என்பது சட்டத்தோடு நின்றுவிடாமல் பிள்ளையின் அறிவுக்குள்ளும் சென்று சேரவேண்டும். அறிவு என்றால் முதலில் அப்பொறி எவ்வாறு இயங்குகிறது என்னும் அறிவு.

அவ்வறிவைத் தொடங்குதற்கு ஏற்ற இடம் தாயின் கைப்பேசிப் பூட்டே ஆகும். மூன்று வரிசையாக ஒன்பது புள்ளிகள். விரலை எடுக்காமல் குறைந்தது நான்கு புள்ளிகளையேனும் இணைத்து ஒரு கோடு. இவ்வூர்ப் பிள்ளைகளில் பலர் வாழ்வில் முதன்முதலாகப் புள்ளிகளை இணைத்துக் கோடு வரைவது வீட்டு வாசலில் அன்று, இத்திரையில்தான். அடுக்ககத்தில் வாசல் என்பதே இரண்டடி அகல நடைவழியாகிவிட்டது. ஒட்டிவைக்கும் கோலத்தாள் வந்தபின் விடியலில் மாவெடுக்கும் கையும் அரிதாயிற்று.

கோலத்திற்கும் கணினிக்கும் உள்ள உறவு வலிந்து சொல்லும் உவமை அன்று. அவ்வுறவை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள் இப்பகுதியிலேயே வாழ்ந்தவர்கள். தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமனி, அக்கல்லூரியிலேயே கணிதம் பயிற்றிய அவர்தம் துணைவியார் இராணி சிரோமனி, ஆய்வாளர் கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இல் அணி இலக்கணங்களும் கோலமும் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். சொற்றொடரை ஆக்கும் விதிகள் மொழிக்கு இருத்தல்போல், உருவத்தை ஆக்கும் விதிகளும் உண்டு என்பதும், சிறு கோலத்திலிருந்து பெருங்கோலம் அவ்விதிகளால் வளர்கிறது என்பதும் அவர்கள் காட்டிய உண்மைகள். ‘படமொழி’ என்னும் ஆய்வுத்துறைக்குத் தாம்பரம் ஒரு தாயகமாயிற்று. கிஃப்ட் சிரோமனி பின்னர்க் கோடு செல்லும் வழியையே ஆராய்ந்து, நேரே செல்லல், வலம் திரும்பல், இடம் திரும்பல், புள்ளியைச் சுற்றி மீளல் எனச் சில அசைவுகளாகப் பகுத்தார். 1988-இல் மறைந்த அவர், அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி கண்டறியும் முறையிலும், பழந்தமிழ் எழுத்துகளிலும் ஆய்வு செய்தவர் என்பதையும் தமிழாய்வோர் மறத்தல் ஆகாது.

இதே காலத்தில் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவர்தம் குழுவினரும் 1967-இல் உருவாக்கிய ‘லோகோ’ மொழி சிறுவர் கைக்கு வந்திருந்தது. ஆமையொன்றுக்கு ‘இத்தனை அடி முன்செல்’, ‘இவ்வளவு திரும்பு’ எனக் கட்டளையிட்டுச் சிறுவர் உருவம் வரைவர். ஆமை தவறாகத் திரும்பினால், தாமே எழுந்து ஆமைபோல் நடந்து பார்த்துத் தவற்றைக் கண்டுபிடிப்பர். சிரோமனியின் கோல அசைவுகளும் பேப்பர்ட்டின் ஆமைக் கட்டளைகளும் ஒரே தன்மையன. அமெரிக்க ஆமையைப் பற்றிக் கணினிப் பாடநூல்கள் எழுதுகின்றன. பக்கத்து ஊர்க் கோலத்தைப் பற்றி எழுதுவதில்லை. இஃது ஒரு மனக்குறையே.

இதனை வகுப்பறைக்குக் கொண்டுவரக் கணினி ஒன்றுகூடத் தேவையில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, ஒரு பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க, மற்றொரு பிள்ளை ‘ஒரு புள்ளி முன்னே, வலப்பக்கம் திரும்பு’ என்று சொல்லிச் சொல்லிக் கொண்டுசெல்லலாம். சொல்லும் பிள்ளை பிழையாகச் சொன்னால் நடக்கும் பிள்ளை சுவரில் முட்டும். பொறி, சொன்னதைச் செய்யும். நினைத்ததைச் செய்யாது என்பதை அப்பிள்ளை அன்று அறியும். நியூசிலாந்தின் கேன்டர்பரிப் பல்கலைக்கழகத்தில் தோன்றிப் பரவிய ‘கணினியில்லாக் கணினிக் கல்வி’ இயக்கம் பல்லாண்டுகளாகச் செய்துவருவதும் இத்தகைய விளையாட்டுகளையே. அடுத்து உயிர்மெய் அட்டவணை. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி 216 உயிர்மெய் பிறத்தலை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சுவரில் காண்கிறது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையடுத்துத் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை இவ்விலக்கணத்தையே விரலுக்குக் கொணர்ந்தது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ககரத்தை அழுத்தி இகரத்தை அழுத்தினால் ‘கி’. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் பழக்கம் முதிர்வதற்கு முன், அரிச்சுவடியோடு சேர்த்தே இதனைப் பயிற்றினால் இரண்டும் ஒருங்கே நிலைபெறும்.

ஒன்பது புள்ளிகளுக்கு மீள்வோம். அப்புள்ளிகளால் அமையத்தக்க பூட்டுக் கோலங்கள் மொத்தம் 3,89,112. இவ்வளவு இருந்தும் மாந்தர் பெரும்பாலும் எளிய சில வடிவங்களையே வைக்கின்றனர். முறுக்குத் தின்ற கையால் திரையைத் தொட்டால் எண்ணெய்த் தடமே பூட்டைக் காட்டிக்கொடுக்கும். பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் 2010-இல் இதனை ஆய்ந்தே எழுதினர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எண்ணுப் பயிற்சியும் காப்புப் பயிற்சியும் இந்த ஓரிடத்திலேயே வாய்க்கும். வாசற்கோலம் எல்லோரும் காண வரைவது. பூட்டுக் கோலம் எவரும் காணாமல் வரைவது. எதனைக் காட்டலாம், எதனைக் காட்டலாகாது என்னும் பாகுபாடு இங்குத் தோன்றுகிறது. இணையக் காப்பின் முதற்பாடம் இதுவே.

இனி, தமிழாசிரியர்க்கும் கவிஞர்க்கும் உரிய பகுதி.

காப்புப் பாடம் என்ற பெயரில் பள்ளிகளில் பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே தொடர்: ‘முன்பின் தெரியாதவர்களோடு பேசாதே’. இத்தொடர் தமிழ்ப் பிள்ளையிடம் செல்லுபடியாவதில்லை. காரணம், தமிழ் வழக்கில் முன்பின் தெரியாதவர் என்று ஒருவர் நெடுநேரம் இருப்பதில்லை. பேருந்து நடத்துநர் அண்ணன், காய்கறி விற்பவர் அக்கா, அடுத்த தெருக்காரர் மாமா. அயலாரை முறைப்பெயரால் அழைத்து உறவாக்கிக்கொள்ளும் இப்பண்பு இம்மொழியின் பெருஞ்செல்வம். தெருவில் அது பிள்ளைக்குக் காவலும் ஆகிறது. இணைய விளையாட்டில் அதுவே திறந்த வாயிலாகிவிடுகிறது. மூன்று நாள் கூட விளையாடிய, முகம் காட்டாத ஒருவர் நான்காம் நாள் ‘அண்ணா’ ஆகிவிடுகிறார். அண்ணனிடம் பேசாதே என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லையே! மேலும், பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்கள் பெரும்பாலும் அறிந்தவராலேயே இழைக்கப்படுகின்றன என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. ஆதலின், ஆள் யார் எனப் பார்க்கக் கற்பித்தலினும், கேட்பது என்ன எனப் பார்க்கக் கற்பித்தலே தக்கது. படம் அனுப்பு என்பதும், வீட்டு முகவரி எது என்பதும், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல் என்பதும், அம்மாவிடம் சொல்லாதே என்பதும் யார் வாயிலிருந்து வந்தாலும் நிறுத்தவேண்டிய இடங்கள்.

இறுதியாகச் சொன்ன ‘சொல்லாதே’ சற்று ஆராய்தற்கு உரியது. ‘பூட்டை யாரிடமும் சொல்லாதே’ என்கிறார் ஆசிரியர். ‘இதை யாரிடமும் சொல்லாதே’ என்கிறான் தீங்கு செய்பவன். இரண்டும் ஒரே ஏவல், ஒரே எதிர்மறை. கீழ்ப்படிதலையே பண்பென்று பழக்கப்பட்ட ஏழு அகவைப் பிள்ளை இவற்றை எங்ஙனம் வேறுபடுத்தும்? இவ்வேறுபாட்டைக் கற்பிக்கத் தமிழ் இலக்கிய மரபிலேயே இரு கருத்துகள் உள்ளன.

ஒன்று, அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்னும் தொல்காப்பிய விதி. சங்கப் புலவர் உள்ளத்தின் ஆழத்தையெல்லாம் திறந்து பாடினர். யாருடைய உள்ளம் என்பதை மட்டும் சொல்லவில்லை. மகிழ்ச்சியைச் சொல்லலாம், வருத்தத்தைச் சொல்லலாம். பெயர், ஊர், பள்ளி, வீட்டெண் ஆகியவற்றைச் சுட்டவேண்டா. பிள்ளைக்கு இணையத்தில் வேண்டுவதும் இவ்வளவே. தம் பிள்ளையின் பள்ளிச் சீருடைப் படத்தைப் பள்ளியின் பெயரோடு சேர்த்து உலகறியப் பதிக்கும் பெற்றோரும், ஆண்டு விழாப் படங்களைப் பெயர்ப்பட்டியலோடு வெளியிடும் பள்ளிகளும் இவ்விதியைப் பிள்ளைக்கு முன் தாம் கற்றல் நன்று.

மற்றொன்று அறத்தொடு நிற்றல். மறைத்துவைத்த செய்தி எப்போது, யாரால், யாருக்கு வெளிப்படுத்தப்பெற வேண்டும் என்பதற்கு இம்மரபு ஒரு வழி வகுத்துள்ளது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் உரைத்தல் அம்முறை. அகத்தின் களவு இருவர் ஒத்த அன்பினால் நிகழ்வது. பிள்ளைக்கு இழைக்கப்படும் தீங்கு அதற்கு முற்றிலும் மாறானது. இரண்டையும் ஒப்பிடுதல் இவ்வுரையின் நோக்கம் அன்று. சொல்லுதற்கு ஒரு தொடர் வழி உண்டு, அவ்வழியில் ஒவ்வொருவரும் அடுத்தவர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் அமைப்பே இங்குக் கொள்ளத்தக்கது. பிள்ளைகள் நேரே தாயிடம் சொல்வது அரிது. அருகில் அமரும் தோழியிடம் சொல்லும். அத்தோழிக்கு ஆசிரியரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே காப்புப் பாடம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. அதன் பக்கத்துப் பலகைப் பிள்ளைக்கும் உரியது. ஆசிரியரோடும் அத்தொடர் நிற்றல் ஆகாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மின்னணு வழியில் பிள்ளையைத் தொடர்ந்து பின்பற்றித் தொல்லை தருதலையும் குற்றமெனக் கொள்கிறது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்றும் விதிக்கிறது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் உயிர்மெய் அட்டவணைக்கு அருகில் எழுதிவைத்தல் வேண்டும்.

இத்தொடர் பெரும்பாலும் அறுபடும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை வந்து சொல்கிறது: “டீச்சர், அந்த கேம்ல வர்ற அண்ணா என் போட்டோ கேட்டாரு.” வீட்டிற்குச் செய்தி செல்கிறது. தந்தை கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார், “உன்னை யார் அதையெல்லாம் தொடச் சொன்னது?” என்று இரண்டு அறையும் விழுகின்றன. அப்பிள்ளை அன்று கற்றுக்கொள்வது, சொன்னால் தண்டனை என்பதை. அடுத்த முறை அது சொல்லாது. அதன் தோழியும் சொல்லமாட்டாள். தீங்கு செய்பவனுக்கு இதனினும் பெரிய உதவி வேண்டுவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் கடவுச்சொல் பற்றிச் சொல்வதற்கு முன், வந்து சொன்ன பிள்ளையைத் தண்டியாதீர் என்பதைச் சொல்லவேண்டும்.

தடைச்செயலிகளை நிறுவிவிட்டால் போதாதா எனச் சிலர் வினவுவர். நன்னூலார் கடைமாணாக்கர்க்கு உவமையாகக் காட்டியவற்றுள் நெய்யரியும் ஒன்று. அது நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடம் இருத்திக்கொள்வது. ஆங்கிலத்திற்கென ஆக்கப்பெற்ற வடிகட்டி தமிழ் வசையை அறியாது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய வசையையோ சொல்லவே வேண்டா. வடிகட்டி இருக்கட்டும், அதனை நம்பி உறங்குதல் கூடாது.

பிற நாடுகளும் அண்டை மாநிலமும் இதனைச் செய்து காட்டியுள்ளன. இங்கிலாந்து 2014 செப்டம்பர் முதல் ஐந்து அகவைப் பிள்ளைக்கே கணினியியலைப் பாடமாக்கியது. படிமுறை என்றால் என்ன என்பதோடு, தன் விவரத்தை மறைவாக வைத்தலும், துன்பம் வந்தால் யாரிடம் செல்வது என்பதும் அதே பாடத்தின் உறுப்புகள். கேரளத்தில் தொடக்க வகுப்புகளுக்கு ‘களிப்பெட்டி’ என்னும் பெயரில் பாடநூல் வந்தது. களி என்பதன் பொருள் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. தாய்மொழியிலேயே, கட்டற்ற மென்பொருளைக் கொண்டே அவர்கள் அதனைப் பயிற்றுகின்றனர். தமிழகத்தில் ஓராசிரியரோ ஈராசிரியரோ ஐந்து வகுப்பையும் நடத்தும் பள்ளிகள் பலவாதலின் புதுப் பாடமொன்றைச் சுமத்துதல் எளிதன்று. கோல விளையாட்டைக் கணக்கிலும், பெயர் சுட்டாமையைத் தமிழிலும், தொடர்ந்து சொல்லும் வழியைச் சூழ்நிலையியலிலும் வைத்தால் தனிப் பாடவேளை தேவைப்படாது.

இவ்விலக்கிய வட்டம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1989-இல் மறைந்தார். அவர் காலத்துப் பிள்ளைக்குக் கைப்பேசி இல்லை. ஆதலின் அதனைப் பற்றி அவர் பாட்டில் தேடுதல் வீண். அதற்குப் பின் வந்த கவிஞர்கள் எழுதியிருக்கலாம். எழுதியவை மிகச் சில. இரண்டாம் வகுப்புப் பிள்ளை கைதட்டிப் பாடத்தக்க எட்டு அடிப் பாட்டுகள் பத்து வேண்டும். ‘ஐயோ, ஆபத்து’ என்று மிரட்டும் பாட்டுகள் வேண்டா. ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’, ‘நிறுத்திவிட்டேன்’, ‘உடனே போய்ச் சொன்னேன்’ என்னும் எளிய தொடர்கள் பிள்ளையின் நாவில் பழகவேண்டும். ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியிலும் ஒரு சீருக்கு இடம் விட்டு வையுங்கள். தான் யாரிடம் சொல்லும் என்பதைப் பிள்ளையே அவ்விடத்தில் இட்டுப் பாடட்டும்: அம்மா, பாட்டி, சித்தி, டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, யாராயினும். அந்த ஒரு சீருக்காக யாப்புச் சற்றுத் தளர்ந்தாலும் குற்றமில்லை. சூன் மாதம் பள்ளி திறக்கும் முன் அவை கைக்கு வருமாயின், கோவிலம்பாக்கத்துப் பள்ளிகளில் பாடிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.